ஹெல்மெட்டுக்கு மெத்தை தைத்த கதை

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரிக்கும் போனவள் நான். ஆகவே எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். (அம்மாவும் நம்பினாள். பாவம், ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லை.) அந்த நம்பிக்கையில் கை வைத்தது குற்றாலத்துக் குரங்கு ஒன்று.

தென்காசியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் தலை எங்கே இடித்தது என்று குறிக்க வேண்டும். உச்சியா, பக்கவாட்டா? இடித்தவர் எதிரணியா, சொந்த அணியா? பெயர்தான் கால்பந்து, பாதி ஆட்டம் தலையால்தான் நடக்கிறது. பயிற்சியின்போது சிலர் ஹெல்மெட்டுக்கு மேலே குண்டு குண்டாக மெத்தை வைத்த உறை ஒன்றை மாட்டியிருப்பார்கள். அது அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் மண்டைக்குள் மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவுக்குப் பாடமாக நடத்துவேன்.

பீடி சுற்றிக் காய்த்த விரலால் என் போனில் ஒரு வீடியோவை நகர்த்திப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "இவனுவளைப் பெத்தவ எங்கட்டி போனா? இதையெல்லாம் பாத்துக்கிட்டா இருக்கா?"

ஒரு சாரல் சீசனில் எங்கள் அமெரிக்க வாடிக்கையாளர் நேரில் வந்தார். குற்றாலத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்த அவருக்கு, எங்கள் வேலையை ஆங்கிலத்தில் விளக்கும்படி மேனேஜர் என்னிடம் சொன்னார். நன்றாகப் பேசினால் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எனக்கு. சொதப்பினால் பக்கத்துச் சீட்டுக்காரிக்கு.

வெறும் பேச்சு போதாது என்று தோன்றியது. பழைய சோபாவின் ஸ்பாஞ்சை வெட்டி, அதே சோபாவின் பச்சைத் துணியில் சின்னச் சின்ன அறைகளாகத் தைத்து அடைத்து, என் ஸ்கூட்டி ஹெல்மெட்டுக்கு ஓர் உறை போட்டேன். (அமெரிக்காக்காரருக்கு அவர் ஊர் ஆட்டத்தை எங்கள் வீட்டுச் சோபாவை வைத்து விளக்கப்போகிறேன். இதில் ஏதோ கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை.)

"உள்ள வைக்க வேண்டிய மெத்தைய வெளிய வச்சுத் தச்சிருக்கியே? பாத்தா பலாப்பழம் மாதிரி இருக்குட்டி."

"ஒனக்குத் தெரியாதும்மா. இது சயின்ஸ்."

விடுதிக்குக் கிளம்பியபோது, மகள் இங்கிலீஷ் பேசுவதைப் பார்க்க அம்மாவும் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள். அவள் தலையில் பூ மட்டும்தான் இருந்தது. (தலைப் பாதுகாப்பு நிபுணர் அதைக் கவனிக்கவில்லை.)

மேலகரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. ஸ்பாஞ்ச் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தது. விடுதி வாசலில் இறங்கும்போது, தண்ணீர்க் குடத்தைச் சுமப்பதுபோல் கழுத்து வளைந்திருந்தது. தாடை வாரோ நனைந்து இறுகிக் கழற்ற வரவில்லை. எதிரே பழக்கடை அண்ணாச்சி கத்தினார்: "யம்மா! அந்தப் பழத்த வச்சிக்கிட்டு அங்கன நிக்காதீய, மேல குரங்கு நிக்கி!"

"பழம் இல்ல அண்ணாச்சி, ஹெல்மெட்டு!"

அண்ணாச்சிக்குக் கேட்டது. குரங்குக்குக் கேட்கவில்லை.

தகரக் கூரையிலிருந்து நேராக என் உச்சியில் குதித்தது. சுளையைத் தேடி உறையைக் கிழித்தது. ஸ்பாஞ்சைப் பிய்த்து, கடித்துப் பார்த்துத் துப்பியது. ஏமாந்த கோபத்தில் இடப்பக்கம் ஓர் அறை விட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஓடி, விடுதித் தூணில் முட்டினேன். அம்மா குடையை ஓங்கினாள். குரங்கு விலகிக்கொண்டது; குடை விலகவில்லை. சுற்றி நின்ற சுற்றுலாக்காரர்கள் எல்லோர் கையிலும் போன்.

குரங்கு போனதும் அம்மா எப்படியோ வாரை அவிழ்த்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். மண்டை உடையவில்லை என்று தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அப்புறம் அதே இடத்தில் நங்கென்று ஒரு கொட்டு. "பலாப்பழம்னு அப்பமே சொன்னேம்லா!"

நிமிர்ந்தால், எதிரே மேனேஜரும் அமெரிக்கரும்.

"என்ன ஆயிற்று?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அமெரிக்கர். மனப்பாடம் செய்திருந்த பேச்சில் ஒரு வரிகூட ஞாபகமில்லை. தினமும் எழுதுகிற ஆங்கிலம் மட்டும் வாயில் வந்தது. "முதல் மோதல், உச்சி, மேலிருந்து. அடுத்தது, இடப்பக்கம், திறந்த கை. அடுத்தது முன்பக்கம், தூண். பிறகு உச்சி, குடை."

அவர் சிரிக்காமல் கேட்டார். ஈர உறையைப் பிழிந்து பார்த்தார். உறை உதவியதா என்றார்.

"வலி குறைந்தது சார். ஆனால் தலை சுற்றுகிறது."

உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அடிபட்ட ஆட்டக்காரரிடம் சொல்வதுபோல் சொன்னார்: "தலை சுற்றினால் இன்றைக்கு ஆட்டம் கிடையாது. டாக்டரைப் பார்." என் மகத்தான விளக்கவுரை அத்தோடு முடிந்தது.

டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். பயிற்சிப் பொறுப்பு எனக்கே கிடைத்தது. விழுந்த அடியை எல்லாம் வரிசை மாறாமல் சொன்னேனாம். அம்மா இப்போது பின்சீட்டிலும் ஹெல்மெட் போடுகிறாள், உறை இல்லாமல்.

சுற்றுலாக்காரர்கள் எடுத்த குரங்கு வீடியோ யார் போனிலிருந்தோ எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மேனேஜர் வைக்கும் முதல் பாடம் அதுதான். பாடம் நடத்துகிறவள் நான். சிரித்து முடித்துவிட்டு உச்சி, இடப்பக்கம், தூண், குடை என்று எல்லாவற்றையும் சரியாகக் குறித்துவிடுகிறார்கள். கடைசிக் காட்சியில் மட்டும் யாராவது ஒரு கை உயரும்.

"அக்கா, ஹெல்மெட்டக் கழத்திட்டு ஒரு அம்மா கொட்டுதாங்களே, அவங்க எந்த டீம்?"

"சொந்த அணின்னே போடு," என்பேன். "வலிச்சது அது ஒண்ணுதான்."