பிரேக்கில் புகுந்த காற்று

பிரேக்கை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதிப்பது போல் கால் உள்ளே போனது.

பெரியவர் பல்லைக் கடித்தார். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் யூனிட்டைக் காலையில்தான் தம் கையால் மாற்றியிருந்தார். குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதுதான் பாக்கி. ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்த பிறகே இன்னொருவர் சக்கரத்தருகே உள்ள திருகாணியைத் திறக்க வேண்டும்; முந்தினால் காற்று உள்ளே புகுந்துவிடும். மாலையில் இதே காரில் சம்பந்தியை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர வேண்டும். "எங்க வீட்டு வண்டி ஒர்க்‌ஷாப் வாசலை மிதிச்சதில்ல" என்று அவரிடம் சொல்லியிருந்தார். சொன்ன சொல் காப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

"இழுவை வண்டிக்குச் சொல்லட்டுமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"என் வண்டிய இழுக்கறவன் இன்னும் பொறக்கல!" வீட்டுப் பக்கம் திரும்பினார். "டீ ஆச்சா?"

"ஆச்சு!" என்றது மனைவியின் குரல். அதன்பிறகே அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. மூத்தவர் கேட்டு 'இன்னும் இல்லை' என்ற பதில் அந்த வீட்டில் எழுந்ததே இல்லை. அவ்வளவு மரியாதை.

டீ குடித்ததும் மனைவியைக் காரில் உட்கார வைத்து, ஸ்பேனரோடு சக்கரத்தருகே குனிந்தார்.

"மிதிச்சுப் பிடிச்சாச்சா?"

"ஆச்சு!"

திருகாணியைத் திறந்து மூடினார். நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்த பிறகு பிரேக் மிதி இன்னும் கீழே போனது.

"உன் கால்ல பலமில்ல. எறங்கு!"

மகன் ஏறினான்.

"பிரேக் ஆயில் ஊத்தியாச்சா?"

"ஆச்சுப்பா!"

இரண்டு சக்கரம் முடித்து நிமிர்ந்தால் காரின் ஆயில் தொட்டி காலி.

"ஆச்சுன்னியேடா?"

"இதோ, ஊத்திட்டேம்பா!"

காற்று இப்போது புது யூனிட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. யூனிட்டின் மோட்டாரை ஓட்டிக் காற்றைத் துரத்த, நண்பரிடமிருந்து காரில் செருகும் ஸ்கேனர் கருவியை வாங்கி வந்தார். மோட்டார் உறுமியது. மகன் "ஆச்சு, ஆச்சு" என்றான். மிதி தரையைத் தொட்டது.

"மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாமேப்பா?"

"என் மானம் போனாலும் போகட்டும். பிரேக் இல்லாத வண்டியில ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்!"

புதிதாக வந்த மருமகள் எட்டிப் பார்த்தாள். "நான் மிதிக்கட்டுமா மாமா?"

வேறு வழியில்லை.

"ஆச்சா?"

பதில் இல்லை. சற்றுப் பொறுத்து, "ஆச்சு மாமா."

"பதில் சொல்லவே யோசிக்கிறாளேடா உன் பொண்டாட்டி!" என்று மகனிடம் முணுமுணுத்தார்.

ஆனால் குமிழிகள் கொப்பளித்து வெளியேறின. ஸ்கேனரை ஓட்டி, மறுபடி ஒரு சுற்று. மிதி கல்லாய் நின்றது!

ஈரமான காலி மைதானத்தில் வேகமெடுத்து, பிரேக்கை ஓங்கி மிதித்தார். சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை, வண்டி வழுக்கவில்லை, நேர்கோட்டில் நின்றது.

மாலையில் முன் இருக்கையிலிருந்த சம்பந்தி வியந்தார். "ஒர்க்‌ஷாப் போகாமலே, சொன்னபடி செஞ்சுட்டீங்களே!"

"எங்க வீட்டுல ஒரு வார்த்தை சொன்னா, அது முடிஞ்ச மாதிரிதான்" என்றார் பெரியவர், மீசையைத் தடவி.

பின்னிருக்கையிலிருந்து மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மன்னிச்சுக்குங்க மாமா, நான் புதுசு, மிதிச்சதுக்கப்புறம்தான் 'ஆச்சு'ன்னேன், இனிமே எல்லாரும் சொல்ற மாதிரி முன்னாடியே சொல்லிடறேன்."