புளூஸ்காரருக்கு ஒரு பொன்னாடை

எங்கள் மாவட்டத்தில் மேடை ஏறிய எவரும் பொன்னாடை இல்லாமல் கீழே இறங்கியதாகச் சரித்திரம் கிடையாது. பேச வந்தவர், பாட வந்தவர், மைக்கைச் சரிபார்க்க வந்தவர் (நெளிவார், ஆனாலும் வாங்கிக்கொள்வார்) எல்லோருக்கும் உண்டு. தேங்காய்ப்பட்டணம் பக்கம் எங்கள் சர்ச்சின் பங்குத் திருவிழாவில், பாட்டுக் கச்சேரி நடத்தும் கானமேளா கமிட்டிச் செயலாளராக இருந்த எனக்கு இது தூக்கத்தில்கூட வரும். பாடகர் உருகும் நேரம் பார்த்து மேடையேறி, போர்த்தி, போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். பாட்டைவிட இதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

இந்தப் பெருமையோடுதான் ஷெரினைப் பெண் பார்க்கப் போனேன். பெங்களூரில் வேலை பார்த்தவள். எனக்குப் பிடித்துவிட்டது, பயங்கரமாகப் பிடித்துவிட்டது.

"உங்களுக்கு புளூஸ் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

"உயிர்" என்றேன். (அது மீனா, மருந்தா என்றுகூட எனக்குத் தெரியாது.)

"அப்ப சனிக்கிழமை முட்டத்துல புளூஸ் விழாவுக்கு வாங்க. பாட்டு கேட்டுட்டுப் பதில் சொல்லுகேன்."

துணைக்கு அவள் அம்மாவும் (அப்போதே நான் மாமி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன்) வருவதாக ஏற்பாடு. நான் பையில் ஒரு சரிகைப் பொன்னாடையை மடித்து வைத்துக்கொண்டேன். நம் தகுதியை அவளும் பார்க்க வேண்டாமா?

கடலோர ரிசார்ட்டின் புல்வெளியில் மேடை. வெளியூர் ரசிகர்கள் தரையில் கிடந்த மூட்டை மெத்தைகளில் புதைந்து, பல்வலி வந்தவர்கள்போலக் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் பேண்டின் பாடகர், ஒரு வெள்ளைக்காரத் தாடிக்காரர், கிதாரைக் கட்டிக்கொண்டு கதறினார்.

"எதுக்கு மக்கா இவன் இப்படி அழுகான்?" என்று மாமி என்னிடம் கேட்டார். நான் நிபுணனைப்போலத் தாடையைத் தடவினேன்.

"பெஞ்சாதி விட்டுட்டுப் போயிட்டாளாம்மா. வேலையும் போச்சாம்" என்றாள் ஷெரின்.

"நம்ம ஆளுவ இதுக்குக் குடிச்சிட்டு ஓடையில கிடப்பானுவ. இவன் டிக்கெட் போட்டுல்லா பாடுகான்!" மாமிக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது.

தாடிக்காரர் கண்ணை மூடிக் கிதாரை மட்டும் வாசிக்கத் தொடங்கினார். உருகும் நேரம்! என்னையும் அறியாமல் எழுந்துவிட்டேன்.

"எங்க போறீய?" என்று ஷெரின் பதறினாள்.

தடுக்க வேண்டிய காவலாளி உள்ளூர்க்காரர். பொன்னாடையைப் பார்த்ததும் மரியாதையாக வழிவிட்டார். மேடையேறித் தாடிக்காரருக்குப் போர்த்தினேன். சரிகை கிதார்க் கம்பிகள்மேல் சரிந்து விழுந்தது. கிதார் நின்றது, டிரம்ஸ் நின்றது. அந்த அமைதியில் நான் மைக்கைப் பிடித்து, "ஊர்ப் பொதுமக்கள் சார்பாக..." என்று தொடங்கி, போட்டோவுக்குச் சிரித்தேன். யாரும் போட்டோ எடுக்கவில்லை. கீழே ஷெரின் இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். எனக்குக் கல்யாணம் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

ஆனால் தாடிக்காரர் நெகிழ்ந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தென்னாட்டுப் பாரம்பரியமாம்! வினை அங்கேதான் ஆரம்பித்தது. இரண்டாவது பேண்ட் பாடி முடித்தும் மேடையைவிட்டு இறங்கவில்லை. குடுமி போட்ட அமைப்பாளர் என்னிடம் ஓடி வந்தார்.

"சார், இவங்களுக்கு எப்போ? வெயிட் பண்றாங்க."

என்னிடம் இருந்ததே ஒன்று. மாமியின் முந்தானையைப் பார்த்தேன். மாமி அதை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இனி நாறுகதுக்கு என்ன இருக்கு? இந்தாங்க" என்று ஷெரின் தன் மயில்நீலத் துப்பட்டாவை உருவிக் கொடுத்தாள். ஓடிப்போய் அந்தப் பாடகருக்குப் (அவரும் வெள்ளைக்காரர்தான்) போர்த்தினேன்.

"ஏட்டி, அது உங்கப்பா மஸ்கட்டுல இருந்து கொண்டு வந்ததுல்லா!" என்று மாமி அலறினார்.

கவலை வேண்டாம் என்றேன். போர்த்தியதை மேடைக்குப் பின்னால் நைசாகத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குப் போர்த்துவது எங்கள் கமிட்டி வழக்கம். அதே உரிமையில் பின்னால் போய்த் துப்பட்டாவின் நுனியைப் பிடித்தேன். அன்பு மிகுதி என்று நினைத்து அவர் கட்டிப்பிடித்தார். இழுத்தேன். இன்னும் இறுக்கினார். பிறகு துப்பட்டாவோடு வண்டியேறிப் போய்விட்டார்.

காரில் திரும்பினோம். அவர்கள் வீட்டு வாசலில் மாமிதான் கேட்டார்.

"என்னட்டி சொல்லுக?"

"வேற எவனையாவது கட்டினா இந்தக் கதையை அவன்கிட்ட சொல்லணும். எவன் நம்புவான்? கூட நின்னவரையே கட்டிக்கிடுகேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போது எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். ஆனாலும் டிவியில் எந்த வெள்ளைக்காரன் கிதாரோடு வந்தாலும், மாமி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பார்.

"ஏட்டி ஷெரின், நல்லாப் பாரு. உன் துப்பட்டாவையா போட்டிருக்கான்?"