வயர் போட்ட வயர்லெஸ்

“டேப்லெட்டுல தொட்டா லேப்டாப்புல பாட்டு மாறணும் சார். என்ன தொட்டாலும் கல்லு மாதிரி கெடக்குது.”

எதிர்முனையில் பேசியவர், ஏதோ ஒரு விருந்தில் பாட்டுப் போட வந்த டிஜே. இந்த முனையில் தொலைபேசியின் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டிருந்தவருக்கு அலுவலகத்தில் ‘பொறுமை’ என்று பெயர். பல நிறுவனங்களின் கருவிகளுக்கு ஒரே உதவி எண்ணில் பதில் சொல்லும் அந்தப் பிரிவில், ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாதவர் அவர் ஒருவரே. அதற்குப் பரிசாக அவரை இன்னும் தற்காலிக ஊழியராகவே வைத்திருந்தார்கள்.

அந்தக் குறை தீரவிருந்தது. “இன்னைக்கு ஒரு ஃபோன் கால்லயும் கஸ்டமர் போடுற ஸ்டார் குறையக் கூடாது. நிரந்தரமாக்குறதப் பத்தி நாளைக்குக் காலையில கூப்பிட்டுச் சொல்றேன்” என்று மேனேஜர் தோளில் தட்டிவிட்டு, புதுச்சட்டையும் வாசனையுமாக எங்கோ கிளம்பிப் போயிருந்தார். பொறுமையின் மனைவி செய்தியைத் தன் தங்கையிடம் சொல்லியே விட்டாள். ஆகவே இனி வேலை நிரந்தரமாகாமல் இருக்க வழியே இல்லை.

“ரெண்டும் ஒரே வைஃபையில இருக்கா பாருங்க.”

“டேப்லெட் விருந்தாளிங்க வைஃபையில இருந்துச்சு. மாத்திட்டேன். லேப்டாப்பு தெரியுது சார். ஆனா பாட்டு வரல.”

“இன்னொரு தடவ தொடுங்க.”

“தொட்டுக்கிட்டேதான் இருக்கேன்.” சற்று நேரத்தில் அவர் குரல் தாழ்ந்தது. “சார், முதலாளி பேச மைக்க எடுத்தாரு. அந்த நேரம் பாத்து டான்ஸ் பாட்டு வந்திருச்சு. நிறுத்துனா நிக்க மாட்டேங்குது.”

பொறுமைக்குப் புரிந்தது. வைஃபை நெரிசலில் கட்டளைகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகப் போய்ச் சேருகின்றன. இந்த அலுவலகத்தில் அவருடைய விண்ணப்பங்கள் அந்த அளவுக்குக்கூட நகர்ந்ததில்லை.

“வைஃபை பெட்டிய அணைச்சுட்டு மறுபடி போடுங்க.”

“வராந்தாவுல இருக்கு. கட்டடத்துக்கே இது ஒண்ணுதான்னு வாட்ச்மேன் சொல்றாரு.”

“பரவாயில்ல, அணைங்க.”

பொறுமை பதில்களைப் பார்த்துப் படிக்கும் கணினித் திரை வெளுத்தது.

“என்னோடதும் போச்சு அண்ணே” என்றாள் பக்கத்து மேசைப் பெண். “எல்லாருக்கும் போச்சு. எவன் கைய வச்சானோ.”

“எவனோ அரைகுறை” என்றார் பொறுமை, மைக்கைப் பொத்திக்கொண்டு.

“சார், இருக்கீங்களா? மறுபடி போட்டும் பெட்டிக்கு உயிர் வரல. இப்ப டேப்லெட்டும் லேப்டாப்பும் முன்னப்பின்ன பாக்காத மாதிரி நிக்குதுங்க. மேடையில இருந்த பெரிய திரையும் போச்சு. முதலாளி என்னையே பாக்குறாரு. நீங்கதான் அணைக்கச் சொன்னீங்கன்னு உங்கள மாட்டிவிடவா?”

“வேணாங்க.” திரையில் படிப்பதற்கு ஒன்றுமில்லாததால் பொறுமை முதன்முறையாகத் தாமாக யோசித்தார். “சார்ஜ் வயர் இருக்குல்ல? டேப்லெட்ட லேப்டாப்போட மாட்டுங்க. செட்டிங்ஸ்ல வைஃபைக்குப் பதிலா வயர்னு மாத்துங்க.”

“வயர் வேணாம்னுதானே சார் இத வாங்குனேன்.”

“ஆமாங்க.”

“மண்டபம் பூரா நடந்துகிட்டே பாட்டுப் போடுவேன்னு சொல்லியிருக்கேன்.”

“நின்னுகிட்டே போடுங்க.”

ஹெட்செட்டில் இசை முழங்கியது. அதே தாளத்தில் தலைக்கு மேலே கூரையும் அதிர்ந்தது. பொறுமை மெல்ல நிமிர்ந்து பார்த்தார். மேல்மாடி மண்டபம். இசைக்கு நடுவே ஒருவர் விட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மேனேஜருடையது.

விருந்தைக் காப்பாற்றியவர் யார் என்பது மேனேஜர் காதுக்கு எட்டினால் நாளைக் காலைக்கு நல்லதுதான். அந்த எண்ணத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அங்க என்னங்க விசேஷம்?” என்று கேட்டார்.

“யாரோ மேனேஜருக்குப் பதவி உயர்வாம் சார். கீழ்மாடியில ஏதோ உதவி எண் பிரிவாம், அத மொத்தமா மூடி கம்பெனிக்குச் செலவ மிச்சம் பண்ணிட்டாராம். அங்க இருக்கறவங்களுக்கு நாளைக்குக் காலையிலதான் சொல்லப் போறாங்களாம். அது கெடக்கட்டும், உங்களுக்கு அஞ்சு ஸ்டார் போட்டுடறேன், சரியா?”