மாடிப்படி வளைவில் ஒரு ஹார்ப்

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நானும் என் பெண்ணும் சௌக்கியம், அவளுடைய ஹார்ப் எங்களைவிடச் சௌக்கியம். அங்கே நீயும் மாமாவும் மூட்டுவலி இல்லாமல் நடமாடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

மாமா தன் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாரே, அதை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்தப் பெண் புல்லாங்குழல் படித்திருக்கக் கூடாதா, பையில் போட்டுக்கொண்டு போயிருப்பாள். இந்த மேல்நாட்டு யாழோ என்னைவிட உயரம், லிஃப்டுக்குள் நுழையாது, மூன்று மாடியும் தலைப்பக்கம் அவள், கால்பக்கம் நான், படி வளைவில் இடது தோளைக் கொடுத்து ஒரு சாய்ப்புச் சாய்த்தால்தான் திரும்பும். போன வாரம் உறை போட்டு இறக்கும்போது எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து, "ஐயோ, யாருக்கு சார் உடம்பு சரியில்ல?" என்று ஒரு கை பிடித்தார்.

சரி, ஒரு மூலையில் வைத்து வாசித்தாலாவது நிம்மதி உண்டா? அவள் கம்பியில் கை வைத்ததும் வீடே மிதக்கத் தொடங்கிவிடுகிறது. பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார், தண்ணீர் கூடத்துக்கு வந்த பிறகுதான் எழுந்தார். ரிடையரானதிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்லாத எனக்கு, மத்தியானம் அவள் பயிற்சி செய்யும்போது மட்டும் படகில் படுத்த மாதிரி கண் சொக்கும், எங்கே போகிறது என்று கேட்கக்கூடத் தோன்றாது.

இப்போது விஷயம் என்னவென்றால், ஒரு பெரிய சிம்பொனிக் குழு அவளை ஒரே ஒரு கச்சேரிக்கு அழைத்தது, பிடித்திருந்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்களாம். நான் மூன்றாவது வரிசை. மேடையில் அத்தனை பேரும் வயலினை இழு இழு என்று இழுக்கிறார்கள், இவள் மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். மறந்துவிட்டாளோ? பெற்ற மனசு கேட்குமா, எழுந்து, "வாசிம்மா, வாசி!" என்று கத்தியே விட்டேன். குழுவை நடத்துகிறவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அப்புறம் வாசித்தாள், அக்கா. மண்டபத்துக் கூரையே கழன்று போன மாதிரி இருந்தது. கண் விழித்தபோது நான் பக்கத்து அம்மாளின் தோளில், அவர் என் தலைமேல்.

"என் முறை வர்ற வரைக்கும் மனசுக்குள்ள தாளம் எண்ணிக்கிட்டு இருந்தேம்ப்பா. நீங்க கத்தினதுல எண்ணிக்கை விட்டுப் போச்சு."

"அப்புறம் என்னடி பண்ணின?"

"காதை நம்பி வாசிச்சேன்."

அந்த இடம் இனி அவளுக்கு எங்கே கிடைக்கும்? கெடுத்தவன் நான்தான். அதனால்தான் மாமாவின் காலைப் பிடிக்கச் சொல்கிறேன். அவருக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி, உனக்கு என்றும் என் அன்பு.

இப்படிக்கு,
மனம் நொந்த தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகிறேன், போன் வந்தது. எடுத்துக்கொண்டார்களாம்! அந்தக் கலவரத்திலும் தடுமாறாமல் வாசித்தாளே, அதற்காகவாம். அப்படிப் பார்த்தால் வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். ஆனால் வேறு ஊர். "இனிமே நீங்க தூக்க வேண்டாம்ப்பா, அங்க ஆள் இருக்காங்க" என்கிறாள். சந்தோஷம்தான். அந்த ஆட்களுக்கு எந்தத் தோளைக் கொடுக்க வேண்டும் என்று தெரியுமா? நேரில் போய்ச் சொல்லிக் கொடுப்பதற்காகப் பெட்டி கட்டிவிட்டேன், தலையணையும் எடுத்தாயிற்று. மாமாவின் வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். அவள் அங்கே பெரிய லிஃப்ட் உள்ள வீடாகத் தேடுகிறாள். லிஃப்டே இல்லாத வீடாகப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.