டொராண்டோவுக்கு எத்தனை வளைவு?

சிவபாக்கியத்தை டொராண்டோவுக்கு அனுப்புவதில்லை என்று துணிந்து முடிவு செய்தேன். அவளிடம் சொல்லாத வரைக்கும் என் முடிவுகள் எல்லாமே துணிச்சலானவைதான்.

எங்கள் மகள் ஷர்மிளாவுக்கு அங்கே அடுத்த மாதம் பிரசவம். அம்மா வந்து ஆறு மாதம் இருக்க வேண்டுமாம். எனக்கு யார் சோறு போடுவது? இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் முப்பது வருடம் வத்தலக்குண்டு–கொடைக்கானல் பஸ் ஓட்டியவன். அவளோ மலை இறங்கினால் மூன்றாவது வளைவில் வாந்தி எடுப்பவள். எங்கள் மலையூர் அட்டுவம்பட்டியை விட்டுக் கீழே இறங்கியே ஏழு வருடமாகிறது. அதுதான் என் ஆயுதம். செல்போனில் தேடி, தாளில் எழுதி, அவள் முன்னால் போட்டேன்.

"சென்னையிலேருந்து டொராண்டோ பதிமூணாயிரம் கிலோமீட்டருக்கு மேல. நிக்காம பறந்தாலே பதினாறு மணி நேரம். நடுவுல எறங்கி மாறினா ஒரு நாள் ஓடிரும்."

"அம்புட்டுத் தூரமாங்க?" பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பின்ன? பெருமாள்மலை தாண்டுறதுக்குள்ள கவர் கேக்குறவ நீ. பதினாறு மணி நேரத்துக்கு எத்தனை கவர்? பிளேனே தாங்காது."

அவள் முகம் வாடியது. எனக்கு இனித்தது.

"ஏங்க, அதுல எத்தனை வளைவு இருக்கும்?"

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஒரு டிரைவரிடம் கேட்கிற கேள்வியா இது?

"கூறுகெட்டவளே! வானத்துல ஏதுடி வளைவு?"

பீன்ஸ் நறுக்கிய கத்தி நின்றது.

"வளைவே கெடையாதா?"

"...கெடையாது."

"ஜஹனாரா! கேட்டியா?" என்று சுவருக்கு மேல் குரல் கொடுத்தாள். ஜஹனாரா பக்கத்து வீட்டுக்காரி. மகனைப் பார்க்க துபாய் போய் வந்தவள்.

"நான் சொன்னப்ப நம்பல. இப்ப அண்ணன் வாயாலயே வந்துருச்சு! வெரசா டிக்கெட் போடச் சொல்லுங்கக்கா."

வெளியே மேகம் மலையை மூடிக்கொண்டிருந்தது. என்னையும் சேர்த்து மூடியிருக்கலாம்.

"மலை எறங்காம எப்படி ஏர்போர்ட் போவே?" என்றேன். கடைசி அம்பு.

"பாஸ்போர்ட்டுக்காக மதுரைக்கு ரெண்டு தடவை எறங்கிப் பாத்துட்டேன். கையில எலுமிச்சம்பழம் இருந்துச்சு, ஒண்ணும் ஆகல. நீங்க நான் மன்னவனூர்ல தங்கச்சி வீட்டுல இருக்கேன்னு நெனைச்சீங்க."

"அப்ப என் சோறு?"

"பாச்சலூர்ல எங்க அண்ணங்கிட்ட சொல்லிட்டேன். ஆறு மாசமும் அங்கதான்."

மச்சான் திருமலைச்சாமி! மிளகுக்கொடியைத் தவிர வேறு பேச்சே இல்லாத மனுஷன். அது போகட்டும். உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். ஸ்டியரிங் என் கையில் இருந்தால் எத்தனை வளைவானாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. வேறொருவன் ஓட்டினால் இரண்டாவது வளைவிலேயே குடல் வாய்க்கு வந்துவிடும். இது உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்த ஒருத்தி எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்தாள்.

"பாச்சலூர் மலை பஸ்ஸுல மூணு மணி நேரந்தாங்க. கவரெல்லாம் உங்க பையில வெச்சுட்டேன்."