பதினான்கு நிறுவனங்களின் அட்டவணை

நாற்பதாம் நாள் மதியம் துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்து அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: மறைந்த ஷெரீஃபாவின் மூத்த மகன் நவ்ஃபல், அவன் மனைவி ரவுதா, ஷெரீஃபாவின் தங்கை மஹ்பூபா; நான்காமவன், சுவரில் சாய்த்து வைத்த கைபேசித் திரைக்குள் மொன்றியலிலிருந்து விழித்துக்கொண்டிருந்த இளைய மகன் ஷத்லி. குடியுரிமைத் தாள்கள் முடங்கிக் கிடந்ததால் தாயின் அடக்கத்துக்கு வர இயலாதவன் அவன்.

அடக்கம் நடந்த அன்றே அவனுக்கு அண்ணன் ஒரு வாக்குக் கொடுத்தான். எழுத்தறியாத ஷெரீஃபா, எதையும் கைபேசியில் பேசித்தான் அனுப்புவாள். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு குரல் செய்திகளையும் நாற்பதாம் நாளுக்குள் ஓர் இணையதளத்தில் ஏற்றிவிடுவதாகச் சொன்னான். மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு அது பெரிய வேலையன்று. தளத்தை மூன்றாம் நாளே எழுதி முடித்தான். அதை எந்த நிறுவனத்தின் கிளவுடில், அதாவது வாடகைக் கணினியில், வைப்பது என்பதில்தான் சிக்கினான். பதினான்கு நிறுவனங்களை முப்பத்தொரு வகையில் ஒப்பிட்டு ஓர் அட்டவணை எழுந்தது. பத்தாயிரம் பேர் ஒரே நொடியில் வந்தால் எது தாங்கும் என்பது அதில் ஒரு வகை. உறவினர்கள் மொத்தம் அறுபது பேர்.

“உம்மா குரலைக் கேக்க ஊரே திரண்டு வருதாக்கும்?” என்றாள் ரவுதா ஒருநாள்.

“வந்தா?”

“நானும் மருந்துக்கடையில மருந்தை ஒப்பிட்டுத்தான் பாக்குறேன். நோயாளி போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துக் குடுத்துடுவேன்.”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

அதன்பின் அவள் கேட்கவில்லை. அதை நவ்ஃபல் தன் வெற்றியென்று எடுத்துக்கொண்டது, இருபதாண்டு மணவாழ்வுக்குப் பின் ஓர் ஆண் செய்யக்கூடாத பிழை.

நாற்பதாம் நாளன்று ஓதி முடித்து, மீன் கூஸ்கூஸும் உண்டு முடிந்தது. நவ்ஃபல் தொண்டையைச் செருமினான்.

“ஷத்லி, இன்னும் ஒரே வாரம். மூணே மூணு நிறுவனம்தான் பாக்கி.”

“என்னண்ணே பாக்கி? நான் பதினேழு நாளா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?”

“நானும்தான்,” என்றாள் மஹ்பூபா. “சுபுஹு தொழுதுட்டு ஒண்ணு கேட்டாத்தான் காபி இறங்குது. ரவுதாதானே போட்டுக் குடுத்தா. உனக்குத் தெரியாதாடா?”

நவ்ஃபல் மனைவியை நோக்கினான். “எதுல ஏத்தினே?”

“உங்க அட்டவணையில முதல் வரியில இருந்ததுல.”

“அதுலயா! முதல் நாளே கழிச்சு விட்டேனே! கால் மணி நேரம் ஆள் வரலைன்னா தூங்கிப்போகும் அது!”

“தூங்க விட்டாத்தானே. ஷத்லி போனா ஜித்தாவுல உங்க மாமா, அவர் போனா லியோன்ல அவர் மக. பேர் குடுத்துத்தான் உள்ள வரணும்னு நீங்கதானே எழுதி வச்சீங்க? எல்லாருக்கும் போல உங்களுக்கும் இணைப்பு அனுப்பினேன். தெனமும் பாக்குறேன். உங்க பேரு ஒருநாளும் இல்ல.”

“வேலை இருந்துச்சு.”

“உங்க போன்ல இருந்து எடுக்கும்போது பாத்தேன்,” என்றாள் ரவுதா. கேலி அவள் குரலைவிட்டுப் போயிருந்தது. “மாமி ஆஸ்பத்திரியில கிடந்த வாரம் உங்களுக்கு அனுப்பினது பதினொண்ணு. ஒண்ணையும் நீங்க திறக்கல.”

திரையிலிருந்து ஷத்லிதான் மெல்லப் பேசினான்.

“பயப்படாதேண்ணே. நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன். பதில் சொல்லலைன்னு ஒண்ணுலகூட உம்மா உன்னைத் திட்டல.”

நவ்ஃபல் எழுந்தான். வாசலில் கிடந்த காலணிகளை அணியாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு வெளியே போனான்.