வெள்ளிக்கிழமைக் கோபம்

செருப்பைக் கழற்றிய பிறகும் ஆய்வாளர் வீட்டுக்குள் போகவில்லை. முதலில் முகத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. புருவங்கள் நெரிந்து நின்றன. அவற்றைத் தளர்த்தினால் பற்கள் கடித்துக்கொண்டன. பற்களை விடுவித்தால் மூக்கு விடைத்தது. கோபப்படுவதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அதை வெளியே காட்டும் உரிமைதான் நாளை மாலை வரைக்கும் இல்லை.

கோபம், 'விண்மீன் சாவடி' என்னும் தொலைக்காட்சித் தொடரின் மீது. அதன் புதிய பகுதி வெள்ளிக்கிழமை நண்பகலில் வெளியாகும். அந்த வீட்டிலோ, சனிக்கிழமை மாலை குடும்பம் முழுவதும் கூடத்தில் வந்து அமர்ந்த பிறகுதான் அதைப் பார்க்கலாம். எவரும் முந்திக்கொண்டு தனியே பார்க்கக் கூடாது. பார்த்தவர் வாயால் கேட்டுவிட்டு வந்து சொல்லவும் கூடாது. இந்தச் சட்டத்தை இயற்றியவர் ஆய்வாளர். மீறியவரைத் தண்டித்தவரும் அவரே. மனைவியின் தம்பி, நண்பன் எவனோ சொன்னான் என்று, கப்பலின் வைத்தியர் சாகப்போகும் செய்தியைத் தொலைபேசியில் உளறிவிட்டான். அந்தப் பருவம் முடியும்வரை அவனுக்குக் கூடத்தில் இடமில்லை என்று தீர்ப்பாயிற்று. தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவன் கெஞ்சிய கெஞ்சலில், அறிவியல் புனைவின் மீது ஒரு பையனுக்கு இத்தனை பற்றா என்று ஆய்வாளருக்கே கண் கலங்கியது. கலங்கினாலும் தண்டனையைக் குறைக்கவில்லை.

அப்படிப்பட்டவர், சில ஆண்டுகளாகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திருட்டுத்தனமாக அதைப் பார்த்துவந்தார்.

கடைத் தராசுகளைச் சோதிக்கும் அவருடைய எடையளவு அலுவலகத்தில், மூல எடைக்கற்களை வைத்திருக்கும் அறை ஒன்று உண்டு. அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு நுண்தராசு இருக்கிறது. காற்று அசைந்தாலும் அதன் முள் அசையும். ஆகவே, ஆய்வாளர் உள்ளே இருக்கும்போது கதவைத் தட்டக்கூட யாருக்கும் அனுமதியில்லை. முள் அடங்கட்டும் என்று காத்திருக்கும் சாக்கில், காதில் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு, அவர் செல்பேசியில் சாவடியைக் கடந்துவிடுவார். இதை மீறல் என்று அவர் கருதியதில்லை. சரக்கு கடைக்கு வருமுன் ஆய்வாளர் பார்ப்பது திருட்டாகுமா? அது ஆய்வு. மறுநாள் கூடத்தில், முதல்முறை பார்ப்பவரைப் போலத் திடுக்கிட்டு, நெஞ்சில் கைவைத்து, பெருமூச்சு விடுவார். அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வைத்தியர் இறந்த கட்டத்தில் அவர் வாயடைத்து உட்கார்ந்திருந்தபோது, கல்லூரியில் படிக்கும் மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். இளகிய மனசு என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

ஆனால் இன்று பார்த்ததை நாளை வரை எப்படி அடக்கிவைப்பது?

கதையின் அடிப்படை எளியது. விண்வெளியின் விளிம்பில் ஒரு சாவடி. அதைக் கடக்கும் எவரும் சுங்கமாகத் தம் நினைவிலிருந்து ஒரு மனிதரை இழந்தாக வேண்டும். விலக்கே கிடையாது. கப்பல் தலைவி முதல் பருவத்தில் தன் தாயின் முகத்தை இழந்தாள். பிறகு உடன்பிறந்தவனை இழந்தாள். அவன் எதிரே வந்து நின்று, "நீங்க யாரு?" என்று அவள் கேட்ட கட்டத்தில் ஆய்வாளர் உண்மையாகவே அழுதார். இன்றைய பகுதியில் அதே தலைவி சாவடியைக் கடந்து, ஒருவரையும் இழக்காமல், குழல்கூடக் கலையாமல் திரும்பி வந்துவிட்டாள். எப்படி என்று மாலுமிகள் கேட்டதற்கு அவள் சொன்ன விடை: "அன்புதான் ஈடு செஞ்சுது."

பறக்கும் குதிரையை ஆய்வாளர் நம்புவார். பேசும் நெருப்பை நம்புவார். இறந்தவர் எழுந்து வருவதையும், உரிய காரணம் காட்டினால், நம்புவார். நடக்கவே முடியாதது நடப்பதில் அவருக்குத் தடை ஏதுமில்லை. நேற்றுவரை சிறகில்லாத குதிரை இன்று யாரையும் கேட்காமல் பறந்தால் மட்டும் அவருக்கு இரத்தம் கொதிக்கும். பொய்யான உலகத்தில் பார்ப்பவனுக்குப் பிடிமானமாக இருப்பது அதன் சட்டம் ஒன்றுதான். அதையும் உருவிக்கொண்டால் அவன் எதன் மேல் நிற்பான்? அன்பு ஈடு செய்யும் என்றால் முதல் பருவத்தில் அந்தப் பெண் தாயின் மேல் அன்பு வைக்கவில்லையா?

இந்தக் கேள்வியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு அவர் உள்ளே நுழைந்தார். மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வருகிறவர் வாயைத் திறக்குமுன்பே எந்தப் பக்கம் வலி என்று கண்டுகொள்கிறவள்.

"என்னங்க, ஆபீஸ்ல என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகாதவங்க இப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்க மாட்டாங்க."

அப்போதுதான் அந்த வழி அவருக்குத் தோன்றியது. கோபத்தைச் சொல்லிவிடலாம்; காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

"ஒரு கடைக்காரன். தராசுல குறை. கேட்டா என்ன சொல்றான் தெரியுமா? எடை குறைஞ்சா என்ன சார், அன்புதான் அதை ஈடு செஞ்சுடுதேங்கறான்."

சொன்னதும் நெஞ்சு லேசாயிற்று. விதி என்றால் என்ன, விலக்கு என்றால் என்ன, அன்பைக் கிலோவில் நிறுப்பதா லிட்டரில் அளப்பதா என்று நின்றபடியே நெடுநேரம் பேசினார். பாதி வசை கப்பல் தலைவிக்கு உரியது. மனைவி தலையாட்டிக் கேட்டாள். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மாமியார் மட்டும் ஒரு துண்டைப் பாதி மடிப்பில் நிறுத்தினார்.

"எந்தக் கடை, மாப்பிள்ளை?"

சனிக்கிழமைப் பொய்கள் முகத்தால் சொல்லப்படுபவை. வாயால் சொல்லும் பொய்யில் அவருக்குப் பயிற்சி போதாது. மேசைமீது காய்கறிப் பை இருந்தது. அதன்மேல் பார்வை விழுந்தது.

"நம்ம தெருமுனைக் காய்கறிக்கடைதான்."

மாமியார் துண்டைக் கீழே வைத்தார். பேச்சு போகும் திசை ஆய்வாளருக்குப் பிடிக்கவில்லை. இது அலுவலக இரகசியம், விசாரணை நடக்கிறது, ஒருவரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை இல்லாதிருந்தால் மாமியார் ஒருவேளை மறந்துபோயிருப்பார். இரகசியம் என்று தெரிந்தபின் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனவர், கடை நிறைய ஆள் நின்றிருந்த நேரத்தில், எடைக்குப் பதிலாக அன்பைப் போடும் ஆளிடம் இனித் தக்காளி வாங்குவதற்கில்லை என்று அறிவித்துவிட்டுத் திரும்பினார்.

சனிக்கிழமை காலையில் வாசலில் மூன்று பெண்கள் பைகளோடு நின்றார்கள். வெங்காயத்தைக் கொஞ்சம் நிறுத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றார்கள். ஆய்வாளர் அவர்களைச் சமாதானப்படுத்த முயன்றார். கவலை வேண்டாம், அந்தத் தராசைச் சரிசெய்தாயிற்று என்றார். சரிசெய்தாயிற்று என்றால் குறை இருந்திருக்கிறது என்று தெரு புரிந்துகொண்டது. நண்பகலுக்குள் காய்கறிக்கடையில் கீரை வாடத் தொடங்கியது.

அந்தக் கடைத் தராசுக்குச் சென்ற மாதம் முத்திரையிட்டவர் ஆய்வாளர்தான். முள் முனையளவும் பிழையில்லாத தராசு. ஒரு நேர்மையான தராசின் மீது பொய்ப்பழி போட வைத்த அந்தக் கதாசிரியர்களை அவரால் மன்னிக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அவர்கள்தாம்.

மாலையில் கூடம் தயாராயிற்று. ஆய்வாளரின் நாற்காலி தொலைக்காட்சிப் பெட்டிக்கு மிக அருகில், சற்றே பக்கவாட்டில் திரும்பியிருக்கும். படம் பார்ப்பதற்கு அது வசதியான இடமன்று. வீட்டுத்தலைவருக்கு முன்வரிசை என்று மனைவிதான் பிடிவாதமாக அங்கே போட்டிருந்தாள். கண்ணுக்கு நல்லது என்று அதன் பக்கத்தில் ஒரு விளக்கையும் ஏற்றிவைப்பாள். மற்றவர்களுக்கு எதிரே நீள இருக்கை. தண்டனைப் பருவம் முடிந்து திரும்பியிருந்த மைத்துனன் வழக்கம்போல முதல் ஆளாக வந்து நடுவில் இடம்பிடித்திருந்தான். மாமியார் தூரப்பார்வைக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

அழைப்புமணி ஒலித்தது. தராசைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு காய்கறிக்கடைக்காரர் நின்றார்.

"சார், நீங்க வச்ச முத்திரை அப்படியே இருக்கு, பாருங்க. ஒரு குறை காட்டுங்க, கடையை மூடிடறேன்."

ஆய்வாளர் முத்திரையைப் பார்க்காமல் கதவைப் பிடித்துக்கொண்டார். வேறு கடையைச் சொல்லப்போய் மாறிப்போய்விட்டது என்று ஆரம்பித்தார். எந்தக் கடை என்று சொன்னால் இப்போதே போய்க் கேட்கலாம் என்றார் கடைக்காரர். மாறிப்போனதையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

"குறைன்னு சொன்னதைக்கூட விடுங்க சார். அன்பு கிம்புன்னு நான் எப்பப் பேசினேன்? என் பொண்டாட்டி நேத்துலருந்து கேட்டுக்கிட்டே இருக்கா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வாட்டி சொல்லாத வார்த்தையைப் போயும் போயும் ஒரு ஆபீசர்கிட்டயா சொன்னேன்னு."

தொடர் தொடங்கும் நேரம். மனைவி குறுக்கே வந்து, உள்ளே வந்து உட்காருங்கள், முடிந்ததும் எடைக்கல் வைத்தே பார்த்துவிடலாம் என்று அவரை நீள இருக்கையின் ஓரத்தில் அமர்த்தினாள். கடைக்காரர் தராசை மடியில் வைத்துக்கொண்டார். திரையில் கப்பல் கிளம்பியது.

ஆய்வாளர் தம் கடமையைச் செய்தார். கப்பல் சாவடியை நெருங்கியபோது நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். கதவு திறந்தபோது, சரியாகச் சொன்னால் திறப்பதற்கு இமைப்பொழுது முன்னால், நெஞ்சில் கைவைத்தார். தலைவி கலையாத குழலோடு இறங்கி வந்தாள். எப்படி என்று மாலுமிகள் கேட்டார்கள்.

"அன்புதான் ஈடு செஞ்சுது" என்றாள் தலைவி.

ஒரு நாள் முழுவதும் அடைபட்டிருந்தது உடைத்துக்கொண்டு வந்தது. ஆய்வாளர் எழுந்து நின்றார்.

"இதென்ன அநியாயம்? விதின்னா எல்லாருக்கும் விதி. அன்பு என்ன விலக்கா? அதைக் கிலோவுல நிறுக்கறதா, லிட்டர்ல அளக்கறதா? ஒரு தடவை சட்டம்னு சொல்லிட்டா, சொன்னவன் முதல்ல அதுக்குக் கட்டுப்படணும். பாக்கறவனை முட்டாள்னு நெனச்சாத்தான் இப்படி எழுத முடியும்."

சொல்லி முடித்தபின்தான், ஒரு சொல் மாறாமல் நேற்று இதே கூடத்தில் இதே பேச்சைப் பேசியது நினைவுக்கு வந்தது. கடைக்காரர் திரையைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி ஆய்வாளரைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த தராசைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று சமநிலைக்கு வந்து நின்றது. வாயைத் திறந்தார்.

"எடைக்கல் பெட்டியை எடுத்துட்டு வரேன்" என்று ஆய்வாளர் உள்ளறைக்கு விரைந்தார்.

பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதை இறக்கி மார்போடு அணைத்தபடி நின்றார். கேட்டதைச் சொன்ன மைத்துனனுக்கே ஒரு பருவம் கூடத்தில் இடமில்லை. ஆண்டுக்கணக்கில் பார்த்த ஆளுக்கு என்ன தண்டனை? இனி எந்த வாயால் இந்த வீட்டில் ஒரு சட்டம் பேசுவது? மகள் சிரிப்பாள், மைத்துனன் சிரிக்காமல் பார்ப்பான், அது அதைவிடக் கொடுமை. ஆனாலும் வெளியே ஒருவர் பழி சுமந்து உட்கார்ந்திருக்கிறார். தராசில் குறையில்லை, குறை தம்மிடம்தான் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். முடிவு செய்ததும் முதுகு நிமிர்ந்தது. திரைச்சீலை வரை வந்துவிட்டார்.

"அக்கா, சார் இதை நேத்தே பாத்துட்டாரு" என்று கூடத்தில் கடைக்காரர் சொல்வது கேட்டது. "அந்தப் பொண்ணு இப்பச் சொன்னதைத்தான் நேத்து என் வாயில வச்சிருக்காரு."

ஆய்வாளர் கண்களை மூடிக்கொண்டார்.

"மெதுவாப் பேசுங்க. அவர் காதுல விழுந்துடப் போகுது" என்றது மனைவியின் குரல். "காலைல நானே தெருவுல வீடு வீடாப் போய், உங்க தராசுல ஒரு குறையும் இல்லன்னு சொல்லிடறேன்."

"அப்ப உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

மாமியார் கண்ணாடியைக் கழற்றி உறையில் போடும் ஓசை கேட்டது.

"ஆரம்பத்துலருந்தே தெரியும் தம்பி, இந்த வானத்துக் கதை எங்க யாருக்கும் பிடிபடறதே இல்ல, மாப்பிள்ளை புதுசாப் பாக்கற மாதிரி திடுக்கிடுவாரே, அதைப் பாக்கத்தான் வாராவாரம் நாற்காலியை நம்ம பக்கம் திருப்பிப் போட்டு உக்கார வச்சிருக்கோம்."